முதுநகர் முதல் சிதம்பரம் வரை: முடி சொன்ன சேதி

கடலூருக்கு ரயிலில் போகிற சகோதரிகள் முதலில் ஒன்று தெரிந்து கொள்ள வேண்டும். அந்த ஊருக்கு இரண்டு ரயில்வே ஸ்டேஷன்கள். விழுப்புரம் பக்கமிருந்து வந்தால் முதலில் வருவது திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயிலுக்கும் மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்கும் போகிறவர்கள் அங்கேயே இறங்கி விட வேண்டும். அடுத்தது துறைமுகம் ஜங்ஷன். விருத்தாசலத்துக்குப் பாதை பிரிவது இங்கேதான். அதில் இறங்கினால் முதுநகர். உள்ளூர்க்காரர்கள் "ஓ.டி." என்றுதான் சொல்வார்கள். ஓல்டு டவுன் என்பதன் சுருக்கம்.

பேருக்கு ஏற்றபடி பழைய ஊர்தான். வெள்ளைக்காரர்கள் 1690-ல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பேர் வைத்துக் குடியேறினார்கள். அதற்கு முன்பே கப்பல் வந்து போன துறை இது. இன்றைக்கும் உப்பனாற்றங்கரைக்குப் போனால் வரிசையாகப் படகுகள் நிற்கும். கருவாட்டு வாசனை ஊர் எல்லையிலேயே வரவேற்கும். அக்கரையில் சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமியில் அந்தக் குப்பங்கள் பட்ட பாட்டை இன்னும் பேசுகிறார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது இந்த முதுநகரில்தான். என் மாமனார் வலை, கயிறு, மிதப்பு வியாபாரம் செய்தவர். கடை வாசலில் எப்போதும் இரண்டு பேர் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிந்து கொண்டிருப்பார்கள். கலியாணத்துக்குப் பிறகு சென்னைக்குப் போய்விட்டாலும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போய் வருவோம். இரண்டு வருஷத்துக்கு முன் போன பிரயாணத்தில் தெரிந்து கொண்ட சங்கதி, சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற எல்லாக் குடும்பத்துக்கும் உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

திருவந்திபுரத்தில் மொட்டை

என் கொழுந்தனுக்குக் கட்டியது அவருடைய சொந்த அக்காள் மகளை. அதாவது என் நாத்தனாரின் பெண். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதற்கு முடி இறக்கிக் காது குத்தத் திருவந்திபுரம் போனோம்.

கடலூரிலிருந்து மேற்கே ஐந்தாறு கிலோ மீட்டர், கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது தேவநாதப் பெருமாள் கோயில். திருப்பதிக்கு வேண்டிக் கொண்டு போக முடியாதவர்கள் அந்தப் பிரார்த்தனையை இங்கே செலுத்துவது வழக்கம். முகூர்த்த நாளில் போனால் திரும்பிய பக்கமெல்லாம் மாலையும் கழுத்துமாக மணமக்கள் நிற்பார்கள். கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி என்கிற சின்ன மலை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்பார்கள். 74 படி ஏறினால் ஹயக்ரீவர் சந்நிதி. கீழே சேஷ தீர்த்தக் கிணற்றில் உப்பு, மிளகு, வெல்லம் போட்டு வேண்டிக் கொண்டால் தோல் வியாதி தீரும் என்பது நம்பிக்கை. எங்கள் நாத்தனார் முதல் வேலையாக அதைத்தான் செய்தார். ஏனென்றால் குழந்தையின் உள்ளங்கையும் பாதமும் தடித்து, மஞ்சளித்து, காய்ப்புக் காய்த்த மாதிரி இருக்கும். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தான்.

முடியோ பிறந்தபோதே விசேஷம். கறுப்பு ஆட்டுக்குட்டியின் ரோமம் மாதிரி சுருண்டு சுருண்டு, எண்ணெய் வைத்தாலும் படியாது. வளர்ந்து நீளவும் நீளாது. "மொட்டை போட்டா நல்ல முடி வரும்" என்று எல்லோரும் சமாதானமாக இருந்தோம்.

முடி இறக்கிய பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். தலையை நனைத்தார். கத்தி எடுத்தவர் நிறுத்தி, குழந்தையின் கையைப் பிரித்துப் பார்த்தார்.

"ஏம்மா, பச்சைக் குழந்தைக்குக் கை இப்படிக் காய்ச்சுக் கெடக்கு? முடியும் கம்பளி மாதிரி இருக்கே. வீட்டுல வேற யாருக்காவது உண்டா?"

நாத்தனார் பதில் சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் கணவருக்கு இன்னொரு தம்பி இருந்தார். வீட்டில் "சுருட்டை" என்றுதான் கூப்பிடுவார்கள். அதே முடி, அதே கை. வலைக் கடையில் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்தது என்று நினைத்திருந்தோம். ஓடி விளையாடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தார். காக்காய் வலிப்பு என்று மருந்து கொடுத்தார்கள். 2001-ல், பத்தொன்பது வயதில், கபடி ஆடிக் கொண்டிருந்தவர் மைதானத்திலேயே விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது நான் புது மருமகள். காற்று கருப்பு அடித்துவிட்டது என்றார்கள், கண்ணேறு என்றார்கள். முடியையும் கையையும் அதோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"தோல் டாக்டர்கிட்ட ஒரு தரம் காட்டிடுங்கம்மா" என்றார் அந்தப் பெரியவர். மறுநாளே கடலூரில் காட்டினோம். அந்த டாக்டரம்மா குழந்தையின் தலையைத் தடவி, பாதத்தைப் பார்த்துவிட்டு, தோலுக்கு மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "குழந்தையோட இதயத்தைப் பார்த்தீங்களா?" என்பதுதான்.

ரயிலில் நாற்பது கிலோ மீட்டர்

இதய டாக்டரைப் பார்க்கச் சிதம்பரம் கிளம்பினோம். முதுநகரிலிருந்து நாற்பது கிலோ மீட்டருக்குச் சற்று மேல். பஸ்ஸும் நிறைய உண்டு. குழந்தையோடு போக ரயில்தான் சௌகரியம். 2010-ல் அகலப் பாதையாக மாற்றிய பிறகு பிரயாணம் சுகமாக இருக்கிறது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொன்றாக வரும். பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு குதித்தது. அடுத்தது கிள்ளை. பிச்சாவரம் உப்பங்கழிக்காடு அதற்குப் பக்கத்தில்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான தில்லை மரத்தை இன்றும் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

நடராஜர் கோயிலுக்குப் போகாமல் டாக்டரிடம் போக நாத்தனாருக்கு மனசில்லை. சிற்றம்பலத்தின் எதிரே நின்றோம். மேலே பொன் கூரையில் 21,600 ஓடுகள், ஒரு மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு என்பார்கள். அதில் அடித்த ஆணிகள் 72,000, உடம்பில் ஓடும் நாடிகளின் கணக்கு. பிரபஞ்சத்தையே ஓர் உடம்பாகப் பாவித்தால் தில்லைதான் அதன் இதயம் என்பது ஐதீகம். அந்த இதயத்தில் சடையை விரித்து ஆடுகிறார் சுவாமி. நாத்தனார் மொட்டைத் தலையில் விபூதி பூசிவிட்டு, "இதோட நெஞ்சைக் காப்பாத்துப்பா" என்று வாய்விட்டே வேண்டிக் கொண்டார்.

அண்ணாமலை நகர் அங்கிருந்து ஆட்டோ தூரம். 1929-ல் தொடங்கிய பல்கலைக் கழகம், 1985-ல் வந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, எல்லாம் சேர்ந்து அது தனி ஊர் மாதிரி. அந்த மருத்துவக் கல்லூரி இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. நாங்கள் பார்த்தது அந்தப் பக்கத்தில் தனியாகப் பார்க்கும் ஓர் இதய டாக்டரை. பொறுமைசாலி. குடும்பக் கதை முழுவதையும் கேட்டு, யாருக்கு யார் என்ன உறவு என்று காகிதத்தில் படம் போட்டுக் கொண்டார்.

டாக்டர் சொன்னது

"இதுக்கு நாக்சோஸ் நோய்னு பேரும்மா. நாக்சோஸ்ங்கிறது கிரீஸ் தேசத்துல ஒரு தீவு. 1986-ல் அங்கேயுள்ள டாக்டர்கள், நாலு குடும்பத்துல ஒன்பது பேருக்கு இப்படிக் கம்பளி முடி, தடிச்ச கை கால், கூடவே இதயக் கோளாறுன்னு முதல்ல எழுதினாங்க. 2000-ல் அதுக்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடிச்சாங்க."

தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டிலும் இதே மாதிரி ஒரு நோயை 1998-ல் கார்வஹால் என்கிற தோல் டாக்டர் எழுதினாராம். அதில் இடது பக்க இதயம் இன்னும் சின்ன வயதிலேயே பலவீனப்படும். நம் நாட்டில் இல்லாத வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே குடும்பத்தில் பலருக்குச் சுருட்டை முடி, தடித்த உள்ளங்கை, வீங்கிய இதயம் மூன்றும் சேர்ந்து இருந்ததை 1996-லேயே இந்திய இதய மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். 2010-ல் சென்னைத் தோல் மருத்துவர்கள், உடன்பிறந்த இரண்டு பேருக்கு நாக்சோஸ் நோய் இருப்பதை எழுதினார்கள்.

"முடிக்கும் இதயத்துக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

வலைக் கடைக்காரர் வீடு என்று தெரிந்ததும் அவர் சொன்ன உதாரணம் எங்களுக்கு நன்றாகப் பிடிபட்டது. நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத அணுக்களால் ஆனது. ஓர் அணுவை அடுத்த அணுவோடு கட்டி வைக்க முடிச்சுகள் உண்டு. வலையில் முடிச்சு சரியில்லாவிட்டால், சும்மா தொங்கும்போது தெரியாது. இழுவை வருகிற இடத்தில்தான் பிரியும். உடம்பில் ஓயாமல் இழுபடுவது எது? நடக்கும் பாதம், பிடிக்கும் கை, ஒரு நாளில் லட்சம் தடவை சுருங்கி விரியும் இதயம். முடி உருவாகும்போதும் அதே முடிச்சுத்தான் வேண்டியிருக்கிறது. அதனால் முடி பிறவியிலேயே காட்டிக் கொடுக்கிறது. கை கால் ஒரு வயதுவாக்கில், குழந்தை தவழ்ந்து நடக்கும்போது தடிக்கிறது. இதயம் மட்டும் பல வருஷம் சும்மா இருந்துவிட்டு, வாலிப வயதில் தொந்தரவு கொடுக்கிறது. முடிச்சு பிரிந்த இடத்தில் சதை போய், கொழுப்பும் நாரும் சேர்கிறது. அங்கே மின்சாரம் சரியாக ஓடாமல் இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. கடினமாக ஓடி ஆடும்போது அது வந்தால் மயக்கம், சில சமயம் மரணம்.

நாத்தனார் அழுதுவிட்டார். "என் தம்பிக்கு இது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா?"

"இன்னிக்கு இந்தக் குழந்தைக்குத் தெரிஞ்சிருக்கேம்மா" என்றார் டாக்டர்.

ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் அன்றே எடுத்தார்கள். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. நெஞ்சில் ஒட்டி 24 மணி நேரத் துடிப்பையும் பதிவு செய்யும் ஹோல்ட்டர் பரிசோதனையும் செய்தாயிற்று. ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் பதில் வந்தது. நோய் அதுதான்.

குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் காப்பாற்ற வழி நிறைய உண்டு. வருஷா வருஷம் பரிசோதனை. போட்டி போட்டு ஓடுகிற, ஆடுகிற விளையாட்டு வேண்டாம். படிப்பு, பாட்டு, நிதானமான நடை எதற்கும் தடையில்லை. துடிப்பு தாறுமாறானால் மாத்திரை. ஆபத்து அதிகம் என்று தெரிந்தால், தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி வைப்பார்கள். இதயம் தவறாகத் துடித்தால் அதுவே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரி செய்துவிடுமாம். என் கொழுந்தன் வீட்டில் இப்போது பள்ளிக்கூட டீச்சரிடம் ஒரு கடிதமே கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

சொந்தத்தில் கொடுக்கலாமா?

டாக்டர் போட்ட படத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒரு பிரதி பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். அப்படிப்பட்டவரை "கேரியர்" என்கிறார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேரியர் இரண்டு பேர் கலியாணம் செய்து கொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, குழந்தைக்கு இரண்டு பழுதான பிரதியும் வந்து சேரலாம். ஊர் பேர் தெரியாத இடத்தில் அதே பழுது உள்ளவரைச் சந்திப்பது அபூர்வம். ஒரே பாட்டி தாத்தாவின் வழியில் வந்தவர்களுக்குள் அது அபூர்வமில்லை. என் மாமனார் மாமியார் அத்தை மகன், மாமன் மகள். அந்தத் தலைமுறையில் சுருட்டை. அடுத்து அக்காள் மகளைக் கட்டிய இடத்தில் இந்தக் குழந்தை.

இது நம் ஊரில் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பெண்கள் உறவிலேயே மணம் முடித்தவர்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு பேச்சு ஓடிக் கொண்டிருந்தது. என் பெண்ணுக்கு இருபது முடிந்திருந்தது. நாத்தனார் மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். பையன் தங்கமான பையன், நல்ல வேலை. கடையும் வீடும் கை மாறாது என்று மாமியாருக்கு அதில் ஏக ஆசை. திரும்பும் ரயிலில் நாத்தனாரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நாலு ஸ்டேஷன் வரை யாரும் பேசவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

"அண்ணி, பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் பார்த்துடலாமே."

"பார்த்து வந்துடுச்சின்னா?"

"வந்தா, வெளியில பார்ப்போம். அவனுக்கும் நல்ல பொண்ணு கெடைக்கும், இவளுக்கும் கெடைக்கும்."

"என் தம்பி பொண்ணை வேற வீட்டுக்கு அனுப்பச் சொல்றியாம்மா?" என்று கேட்டார். குரல் அடைத்துப் போயிற்று. மடியில் குழந்தை தூங்கிக் கொண்டிருந்தது. அதன் பாதத்தைத் தடவிக் கொண்டே வந்தவர், ஸ்டேஷன் வரும்போது, "சரி, பார்த்துடலாம்" என்றார்.

பார்த்தோம். இருவருமே கேரியர். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒருவருக்கொருவர் வேண்டாம். மாமியார் என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. "அந்தக் காலத்துல நாங்க பெத்துக்கலியா?" என்பார். சுருட்டையின் போட்டோ எதிரே மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவரே அடங்கிப் போவார். நாத்தனார் மகனுக்குப் பண்ருட்டிப் பக்கம் வேறு குடும்பத்தில் பெண் பேசி முடித்தாயிற்று. என் பெண்ணுக்கும் பார்த்துக் கொண்டிருக்கிறோம். ஜாதகத்தோடு இந்தச் சங்கதியையும் மறைக்காமல் சொல்லித்தான் பேசுகிறோம். கேட்டு விலகிப் போனவர்களும் உண்டு. டாக்டரிடமே வந்து விளக்கம் கேட்டவர்களும் உண்டு.

பயப்பட வேண்டாம், கவனிக்க வேண்டும்

இதைப் படித்துவிட்டுச் சுருட்டை முடிக் குழந்தைகளை எல்லாம் தூக்கிக் கொண்டு ஓட வேண்டாம். சுருட்டை முடி அழகு, நோய் அல்ல. கம்பளி முடி மட்டும் தனியாக இருந்து, இதயம் பூரண நலமாக உள்ளவர்களும் உண்டு. கவனிக்க வேண்டியவை இவை:

வீட்டில் மற்றவர்களுக்கு நேர் முடியாக இருக்க, ஒரு குழந்தைக்கு மட்டும் பிறவியிலேயே ஆட்டு ரோமம் போன்ற முடி, அதோடு உள்ளங்கையும் பாதமும் தடித்திருந்தால், தோல் டாக்டரைப் பார்த்து, இதயப் பரிசோதனையும் கேளுங்கள்.

ஓடும்போதோ, விளையாடும்போதோ, திடீரென்று பயந்தபோதோ ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், வலிப்பு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தால், அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். முடியில் எந்த அடையாளமும் காட்டாத பரம்பரை இதய நோய்களும் உண்டு. இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஒரு மரபணுப் பழுது, நம் துணைக் கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக, மதுரை காமராஜர் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2009-ல் கண்டறிந்தார்கள்.

யாராவது விழுந்து மூச்சுப் பேச்சில்லாமல் இருந்தால், 108-க்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் வேகமாக, அழுத்தமாக அமுக்கிக் கொண்டே இருங்கள்.

இப்படிப்பட்ட முடியை இறுக்கிப் பின்னக் கூடாது. நேராக்க மருந்து போடுவது, சூடு வைப்பது வேண்டவே வேண்டாம். அகலப் பல் சீப்பால், ஈரமாக இருக்கும்போதே நுனியிலிருந்து சிக்கெடுக்க வேண்டும். பாதத்தை வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவினால் வெடிப்பு வராது.

முதுநகர்ப் பக்கம் போகிறவர்கள் திருவந்திபுரமும் சிதம்பரமும் சேர்த்து இரண்டு நாள் திட்டம் போடுங்கள். திருவந்திபுரத்துக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் உண்டு. முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக் கொண்டால் கூட்டம் இராது. சிதம்பரத்துக்குக் காலை ரயிலில் போனால் தரிசனம் முடித்து, பிச்சாவரத்தில் படகும் ஏறிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். கிள்ளைப் பக்கம் வெயில் கடுமை, குழந்தைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.